ஈயம் வைக்காத பக்கம்

"நெருப்பே இல்லாம அப்பா கை எப்படி வெந்துச்சு?"

பாப்பா ஒருமுறை இப்படிக் கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. கேட்ட இடம் கொச்சியில் ஓர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு. அவளுடைய அப்பா சுடலைமுத்து மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர். அவருடைய வலது கை விரல் நுனிகள் சிவந்து கொப்புளித்துத் தோல் வழன்று தொங்கின. டாக்டர் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். "எந்த ஆசிட்டுல கைய விட்டார்னு உங்க அப்பாவையே கேளு" என்று சொல்லிவிட்டு ஒரு களிம்பை எழுதிக் கொடுத்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

நர்ஸ் சோனியா சிரிக்கவில்லை. அவள் வெளியே வந்து, சுடலைமுத்துவின் மனைவி அங்கம்மாளை ஓரமாக நிறுத்தினாள். "சேச்சி, தினமும் இந்தக் கைய போன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க. அடுத்த தடவை வரும்போது எனக்குக் காட்டணும்" என்றாள். அடுத்த தடவை வந்தபோது புண் ஆறவில்லை. நுனிகள் கறுத்திருந்தன. இது சாதாரணப் புண் இல்லை, அரசாங்கத்தில் யாருக்காவது தெரிய வேண்டும் என்று நினைத்த சோனியா அன்று வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், தன் தம்பி சிஜு வேலை பார்க்கும் இடத்துக்குப் போனாள்.

அந்த அலுவலகத்தின் பலகையில் 'கடல்சார் புள்ளிவிவரப் பிரிவு' என்று எழுதியிருந்தது. உள்ளே யாரும் மீனையோ கப்பலையோ எண்ணிக்கொண்டிருக்கவில்லை. நாட்டின் பாதுகாப்புக்காக ஒட்டுக்கேட்கும் வேலை அங்கே நடந்தது. அதன் பொறுப்பாளர் பாண்டியராஜன். தேனிப் பக்கத்துக்காரர். திருப்பூணித்துறையில் குடியிருந்தார். காலையில் கோவிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வேலைக்கு வருவார். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. சிஜு அவருடைய உதவியாளன். கையில் தமிழும் மலையாளமும், வாயில் இரண்டும் கலந்த மூன்றாவது ஒன்றும் உண்டு என்று மற்றவர்கள் அவனைக் கேலி செய்வார்கள்.

சோனியா சொல்லி முடித்ததும் பாண்டியராஜன் எழுந்து நின்றுவிட்டார்.

"அந்தக் குழந்தை கேட்டதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க சிஸ்டர்."

சோனியா சொன்னாள்.

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து வைத்தார். கைப்பிடி வைத்த மஞ்சள் பெட்டி. "தொழிற்சாலைக் குழாயில பற்றவைச்ச இடம் சரியா இருக்கான்னு எக்ஸ்ரே மாதிரி பார்க்கிற கருவி. உள்ளே ஒரு சின்னக் கம்பி. கம்பி நுனியில மிளகு அளவுல இரிடியம். பெட்டிக்குள்ள இருக்கிற வரைக்கும் ஒண்ணும் செய்யாது. வெளியே எடுத்தா அதுலேர்ந்து வர்ற கதிர் கண்ணுக்குத் தெரியாது, சுடாது, வாசனை கிடையாது. ஆனா நெருப்பு செய்றதைச் செய்யும். கொஞ்சம் தாமதமா செய்யும்."

"இது காணாமப் போயிருக்கா சார்?"

"போயிருக்கு. காக்கநாட்டுல ஒரு கம்பெனி. இடப்பள்ளியில வண்டிய நிறுத்திட்டுச் சாப்பிடப் போன நேரத்துல பெட்டி களவு போச்சுன்னு அதோட மேனேஜர் முத்துராமலிங்கம் புகார் கொடுத்தார். அதுவும் ரொம்பத் தாமதமா. பெட்டி ஒரு வாய்க்கால்ல கிடைச்சுது. பூட்டு உடையல. உள்ளே கம்பி இல்ல. வலு குறைஞ்ச பழைய சரக்கு, திருப்பி அனுப்ப வெச்சிருந்தது. அதனாலதான் சுடலைமுத்து இன்னும் உயிரோட இருக்கார்."

சிஜுவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "சேச்சி, இது ஸ்பை கேஸ் தன்னே! மட்டாஞ்சேரி டவர்லேர்ந்து ஒரு போன் கால் பிடிச்சோம். 'பொருள் ரெடி, மீட்டர் வெச்சே பாத்துக்கலாம், வெளிநாட்டுப் பார்ட்டிய வரச் சொல்லு'ன்னு ஒருத்தன் பேசறான். டெல்லியில எல்லாருக்கும் உறக்கம் போச்சு. கதிரை அளக்கிற மீட்டர் வெச்ச வண்டி ஒண்ணு மட்டாஞ்சேரி முழுக்கச் சுத்துது. ஒண்ணும் கிட்டல."

"நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க சிஸ்டர்" என்றார் பாண்டியராஜன். "பயப்படாம வரச் சொல்லுங்க."

மறுநாள் சுடலைமுத்து வந்தார். கூடவே அங்கம்மாளும் பாப்பாவும். அங்கம்மாள் மாநகராட்சியில் தெருக்கூட்டும் வேலை பார்ப்பவள். சீருடையோடு வந்திருந்தாள். எத்தனை விதமாகக் கேட்டாலும் சுடலைமுத்து ஒன்றையே சொன்னார்.

"தெரியல சார். எதையோ தொட்டிருப்பேன்."

"அந்த வாரம் எங்கெல்லாம் வேலை?"

"பினு சேட்டன் மிளகு கிடங்குல. அப்புறம் ஒச்சப்பன் அண்ணாச்சி பித்தளைக் கடையில. ரெண்டும் நாங்க குடியிருக்கிற லைன் வீட்டு வரிசைக்கு முதுகை ஒட்டித்தான் இருக்கு."

"பினுவா?" சிஜு நிமிர்ந்தான். "துபாய்க்கு மாசாமாசம் சரக்கு போகுதில்ல?"

அப்போது டெல்லியிலிருந்து அழைப்பு வந்தது. பாண்டியராஜன் பக்கத்து அறைக்குப் போனார். அங்கம்மாளும் பாப்பாவும் வெளியே பெஞ்சில் இருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. சிஜு சுடலைமுத்துவின் முன்னால் குனிந்தான்.

"ஆளுங்க சாகப் போறாங்க. உனக்குப் புரியுதா? யாரு கொடுத்தது?"

"தெரியல சார்."

சிஜு அறைந்தான். சுடலைமுத்து நாற்காலியிலிருந்து சரிந்தார். விழாமல் இருக்க வெந்த கையைத் தரையில் ஊன்றினார். அலறல் வரவில்லை. வாயைத் திறந்து மூடினார், அவ்வளவுதான்.

பாண்டியராஜன் திரும்பி வந்தபோது தரையில் நிணநீர் ஒட்டிய தடம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு சிஜுவைப் பார்த்தார். அருவருப்பான ஒன்றைக் கண்டதுபோல அவருடைய முகம் சுருங்கியது. சுடலைமுத்துவைத் தூக்கி உட்காரவைத்து, தன் கைக்குட்டையை நனைத்து அவருடைய கன்னத்தில் வைத்தார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா" என்றார். இதைச் சிஜு சொல்லியிருக்க வேண்டும். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

பிறகு பாண்டியராஜன் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மூன்றின் நுனி மட்டும். உள்ளங்கையில் ஒரு குறையும் இல்லை. தோளிலும் தொடையிலும் இல்லை.

பாப்பா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அப்பாவின் மடியில் தலை வைத்தாள். சுடலைமுத்து இடது கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பாருங்க சார், இப்படித்தான்" என்றாள் பின்னால் வந்த அங்கம்மாள். "அந்தக் கை நல்லாத்தானே இருக்கு? முன்னாடியெல்லாம் புள்ள தலையத் தடவிக்கிட்டேதான் தூங்குவாரு. இப்ப தொட மாட்டேங்கறாரு. கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறாரு."

பாண்டியராஜன் சுடலைமுத்துவின் பக்கம் குனிந்தார். "நீங்க இனிமே ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். நானே கண்டுபிடிச்சுக்கறேன்" என்றார்.

சுடலைமுத்துவின் கண்கள் நிறைந்தன. அவர் அன்றே பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். சோனியா கூடப் போனாள்.

அன்று பிற்பகல் இடவப்பாதி என்று அங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை மட்டாஞ்சேரியை ஊறவைத்துக்கொண்டிருந்தது. சுக்கும் மிளகும் சாக்கடையும் கலந்த வாசனை. பாண்டியராஜனும் சிஜுவும் அங்கம்மாளோடு நடந்தார்கள். பாப்பா அம்மாவின் குடைக்குள் இருந்தாள். மழை வலுத்ததால் ஒரு சாயாக் கடையில் ஒதுங்கினார்கள்.

அங்கே வலை பின்னும் ஒருவர் கடைக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தார். "வலைக்குக் கட்ட ஈயக்குண்டு எங்கயும் இல்லடா. கேட்டா எவனோ வந்து மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டானாம். ஈயத்தைத் தின்னுவானோ என்னமோ!"

"மீன் விக்கிற வெலைக்கு இனி ஈயத்தைத்தான் திங்கணும்" என்றார் கடைக்காரர்.

பாண்டியராஜன் சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார். "நம்ம மீட்டர் வண்டி எந்தத் தெருவெல்லாம் போச்சு சிஜு?"

"எல்லாத் தெருவும் போச்சு சாரே."

"வண்டி நுழையாத சந்து?"

சிஜு தலையைச் சொறிந்தான். "அதிலே போகல."

ஒச்சப்பனின் பித்தளைக் கடை நீளமாக உள்ளே போனது. விளக்குகள், உருளிகள், பழைய கதவுக் குமிழ்கள். ஒச்சப்பன் உசிலம்பட்டியிலிருந்து வந்து இருபது வருஷமாகக் கொச்சியில் வியாபாரம் செய்பவர். நெற்றி நிறையத் திருநீறு. வாசலில், கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. உள்ளே பட்டு உறை போட்ட மெத்தையும் கல்லாவும் காலியாகக் கிடந்தன.

"உள்ளே உக்காரலாமே அண்ணாச்சி?" என்றான் சிஜு. "நனைஞ்சா பனி பிடிக்கும், காய்ச்சல் வரும்."

"காத்து வேணும் தம்பி. நமக்குப் புழுக்கம் ஆகாது."

உள்ளறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கடையில் வேலை செய்யும் வசந்தி. முகம் வெளிறியிருந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"மறுபடி வாந்தியா?" ஒச்சப்பன் முகம் சுளித்தார். "விளக்கேத்திட்டியா, இல்லையா?"

"ஏத்திட்டேன் அண்ணாச்சி."

"உள்ளே சாமியா?" என்று கேட்டார் பாண்டியராஜன்.

"குலதெய்வம். பொம்பளைக் கை ஏத்தினாத்தான் விளக்கு நிக்கும். நான் உள்ளே போறதில்ல. ஒரு வேண்டுதல்."

அடுத்தது மிளகுக் கிடங்கு. பினு அவர்களைப் பார்த்ததும் வாசலை மறித்து நின்றார். "எந்தினா? வாரண்ட் உண்டோ?" என்று மலையாளத்தில் கத்தினார். சிஜு பாண்டியராஜனின் காதில், "சாரே, ஒளிக்கிறான். ஒளிக்கிறான்!" என்றான். பாண்டியராஜன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சந்துக்குள் நுழைந்தார்.

அங்கம்மாளின் வீடு ஒரே அறை. சுவர் ஓரமாகப் பாப்பாவின் பாய் சுருட்டியிருந்தது. ஜன்னல் இல்லாததால் பகலிலும் இருட்டு. அங்கம்மாள் போனை எடுத்துக் கணவனின் கைப் படங்களைக் காட்டினாள்.

"நர்சம்மா சொன்ன மாதிரி தினம் எடுத்தேன் சார். ஆனா போன் கெட்டுப்போச்சு. பாருங்க, படம் பூரா வெள்ளை வெள்ளையாப் புள்ளி. கடையில காட்டினா நல்லாத்தான் இருக்குங்கறான்."

பாண்டியராஜன் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். இருட்டான பின்னணியில் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். ஒரு படத்தில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை.

"இது எங்க எடுத்தது?"

"அது ஆஸ்பத்திரியில. கைய அவங்க கட்டும்போது."

"மத்ததெல்லாம்?"

"இங்கதான். இந்தச் சுவத்துப் பக்கம் உக்காரவெச்சு எடுத்தேன்."

பாண்டியராஜன் போனை மெல்ல அவள் கையில் திரும்ப வைத்தார். அவருடைய குரல் மாறவில்லை.

"அங்கம்மா, ஒரு சாமானும் எடுக்க வேண்டாம். பாப்பாவைத் தூக்கிட்டு வெளியே வாங்க. இப்பவே."

சந்து முனைக்கு வந்த பிறகுதான் சிஜு கேட்டான். "சாரே, எந்தா?"

"அந்தக் கதிர் போன் கேமராவுலயும் விழும் சிஜு. புள்ளி புள்ளியா விழும். அது அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. குழந்தை அதை ஒட்டிப் படுத்திருக்கா."

பாப்பா அம்மாவின் தோளில் சாய்ந்து குடைக்கம்பியிலிருந்து சொட்டும் நீரை நக்கிக்கொண்டிருந்தாள். சிஜு அவளைப் பார்த்தான்.

அதன் பிறகு எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. லைன் வீட்டு ஆட்களை, கூரை சரிசெய்கிறோம் என்று சொல்லி ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பழம்பொருள் உரிமம் சம்பந்தமாக ஒரு வாக்குமூலம் வேண்டும் என்று ஒச்சப்பனையும் வசந்தியையும் சிஜு அலுவலகத்துக்கு அழைத்துப்போனான். அந்த இடைவெளியில் நிபுணர்கள் வந்தார்கள். நீளக் கிடுக்கியும் கனத்த பெட்டியுமாக வந்தவர்கள் உள்ளே போய், வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். போகும்போது அவர்களில் ஒருவர் பாண்டியராஜனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். கேட்டதும் பாண்டியராஜன் சாக்கடை ஓரமாகப் போய்த் துப்பினார். அவர் அப்படிச் செய்து சிஜு பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை ஒச்சப்பனின் கடையில் எல்லாரும் கூடினார்கள். ஒச்சப்பன், வசந்தி, பினு, அங்கம்மாள், காக்கநாட்டுக் கம்பெனி மேனேஜர் முத்துராமலிங்கம். "களவு போன பொருளைத் தொட்ட ஆள் கிடைச்சிருக்கார், நிபுணர்ங்கிற முறையில வந்து உதவுங்க" என்று மட்டும் முத்துராமலிங்கத்திடம் சொல்லியிருந்தார்கள். சிஜு வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"பினு சார்" என்று தொடங்கினார் பாண்டியராஜன். "நேத்து ஏன் கிடங்கைக் காட்டல?"

பினு தரையைப் பார்த்தார். "லைன் வீட்டுல வெள்ளம் ஏறும்போது அந்த ஆளுகள ராத்திரி இங்க படுக்க விடுவேன். ஃபயர் சட்டப்படி தப்பு. லைசென்ஸ் போயிடும்னு பயம்."

சிஜுவின் காது சிவந்தது.

"சரி. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்" என்றார் பாண்டியராஜன். "சுடலைமுத்துவுக்கு மூணு விரல் நுனிதான் வெந்திருக்கு. மூட்டை தூக்கறவர் ஒரு பொருளைத் திருடினா உள்ளங்கையில பிடிப்பார், இல்ல மடியில கட்டுவார். அங்கெல்லாம் புண் இல்ல. மூணு விரல் நுனியால மனுஷன் எதை எடுப்பான்? திருநீறு எடுப்பான். பூ எடுப்பான். மரியாதையோட ஒரு இடத்துல வைக்கிறதுக்காக எடுப்பான். யாரோ ஒருத்தர் அவரைக் கூப்பிட்டு, 'உனக்குக் கைராசி, நீ வெச்சாத்தான் விளங்கும்'னு சொல்லி வைக்க வெச்சிருக்கார்."

ஒச்சப்பன் அசையவில்லை.

"அவர் ஏன் அதைச் சொல்லல? பயத்தாலயா? அடிச்சும் சொல்லல. குழந்தை தலையத் தொடாம கைய இழுத்துக்கறார். பெத்த புள்ள தலையில கை வெச்சுச் சத்தியம் பண்ணவன்தான் அப்படி இழுத்துக்குவான். வாயைத் திறந்தா புள்ளைக்கு ஆகாதுன்னு நம்பறார். அதனாலதான் நான் அவர்கிட்ட அப்புறம் கேக்கவே இல்ல."

அங்கம்மாள் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டாள்.

பாண்டியராஜன் உள்ளறைக்குப் போய், ஒரு பழைய கோபுரக் கலசத்தை இரண்டு கையாலும் எடுத்துவந்து எல்லாருக்கும் நடுவில் மேஜைமேல் வைத்தார். பச்சை பிடித்த பித்தளை. கழுத்தில் மஞ்சள் கயிறு. விளிம்பில் எண்ணெய் வழிந்திருந்தது.

"ஒச்சப்பன், இது என்ன?"

ஒச்சப்பன் முக்காலியிலிருந்து எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். "கலசம். யாரோ வித்தாங்க. சும்மா பித்தளை."

"சும்மா பித்தளைதானே? எடுத்து இந்தப் பையில போட்டுக் கொடுங்க. சாட்சிப் பொருள்."

"நீங்களே போடுங்க சார்."

"உங்க கடைப் பொருள். நீங்கதான் ஒப்படைக்கணும்."

"வேண்டாம்... எனக்குக் கை வலி." ஒச்சப்பனின் திருநீற்றின்மேல் வேர்வை கோடு கோடாக இறங்கியது.

அப்போது வசந்தி முன்னால் வந்தாள். "ஐயோ, எண்ணெய் வழிஞ்சிருக்கு. பையெல்லாம் கறையாகும். இருங்க சார்" என்று சொல்லிக்கொண்டே கலசத்தை இடுப்போடு அணைத்துத் தூக்கி, முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பாண்டியராஜன் வசந்தியின் கையிலிருந்து கலசத்தை மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தார்.

"பாத்தீங்களா? தெரியாதவங்க இப்படித்தான் தொடுவாங்க" என்றார். "பயப்படாதேம்மா, இது காலி. உள்ளே இருந்ததை நேத்தே எடுத்தாச்சு. ஒச்சப்பன், அது உள்ளே இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? சரி, உங்களை விடுவோம். முத்துராமலிங்கம் சார், நீங்க ஏன் பினுவுக்குப் பின்னால போய் நிக்கறீங்க?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முத்துராமலிங்கம் தடித்த உடம்புக்காரரான பினுவின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றுகொண்டிருந்தார்.

"நான்... நான் நிபுணர். ஜாக்கிரதையா..."

"கலசத்துக்குள்ள ஏதோ இருக்குன்னு இங்க யாரும் சொல்லல. நானும் சொல்லல. ஆனா வெளியே கொண்டுவந்த உடனே நீங்க ஒதுங்கினீங்க. ஆபத்துன்னு சந்தேகம் வந்தா உங்க வேலை என்ன? எல்லாரையும் வெளியே போங்கன்னு கத்தணும். கத்தினா, உங்களுக்குத் தெரியும்ங்கிறது வெளியே வந்துடும். அதனால ஒரு மனுஷனை இழுத்து மறைப்பா வெச்சுக்கிட்டீங்க. உடையாத பூட்டுக்குச் சாவி உங்ககிட்டத்தான் இருந்தது."

"எடா நாயே" என்று பினு மெதுவாகச் சொல்லிவிட்டு விலகி நின்றார்.

முத்துராமலிங்கம்தான் முதலில் உடைந்தார். அழுதுகொண்டே ஒச்சப்பனைக் கைகாட்டினார். "இவன்தான் கேட்டான் சார். மீட்டர் அடிக்கிற சரக்கு வேணும்னான். திருப்பி அனுப்ப வேண்டிய பழசுதானேன்னு கொடுத்துட்டேன்."

"எதுக்கு மீட்டர் அடிக்கணும்?" சிஜுவுக்குப் புரியவில்லை. "பாம் செய்யவா?"

"பாம் இல்ல சிஜு" என்றார் பாண்டியராஜன். "இடி விழுந்த கோபுரக் கலசம் இரிடியமா மாறிடும், அரிசியை இழுக்கும், வெளிநாட்டுக்காரன் கோடி கோடியாக் கொடுப்பான்னு ஒரு புரட்டு ரொம்ப காலமா நடக்குது. காந்தத்தை ஒளிச்சு வெச்சு, இரும்புத்தூள் கலந்த அரிசியை ஒட்டிக் காட்டுவாங்க. இப்பல்லாம் ஏமாறவர்றவனும் உஷாராயிட்டான், கையில மீட்டரோட வர்றான். அதனால மீட்டர் நிஜமாவே அடிக்கணும். அதுக்காகப் பொய்க் கலசத்துக்குள்ள நிஜ விஷம். டெல்லியில உறக்கம் போனது ஒரு பிராடுக்கு."

ஒச்சப்பன் இப்போது நிமிர்ந்தார். "சார், ஏமாத்தினேன், ஒத்துக்கறேன். ஆனா இது ஆளை அழிக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"சத்தியம்ங்கிற வார்த்தைய நீங்க சொல்லாதீங்க." பாண்டியராஜனின் குரல் அப்போதும் உயரவில்லை. "மழையில நனைஞ்சுக்கிட்டு வாசல்ல உக்காந்தது ஏன்? வலைக்காரங்களுக்கு இல்லாம ஈயக்குண்டை அள்ளினது ஏன்? நேத்து உள்ளறையில பார்த்தோம். சுவத்து மாடத்துல கலசம். அதுக்கு முன்னால படிக்கட்டு மாதிரி ஈயம் அடுக்கி, மேல சிவப்புப் பட்டு விரிச்சிருக்கு. கதிரை ஈயம் தடுக்கும். தெருப் பக்கம் ஈயம். நீங்க உக்கார்ற பக்கம் ஈயம். அதனால வண்டி மீட்டருக்குத் தெரியல. பின்னால, வீடுங்க இருக்கிற பக்கம், ஒத்தைச் செங்கல் சுவர். அங்க ஒரு குண்டுகூட இல்ல."

ஒச்சப்பன் வேட்டி நுனியால் வேர்வையைத் துடைத்தார். "ஈயம் பத்தல சார்."

பாண்டியராஜன் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பத்தல" என்று திருப்பிச் சொன்னார். "அதனால குழந்தைங்க படுக்கிற பக்கத்தை விட்டுட்டீங்க. எடுத்து வைக்கறதுக்கு ஒரு ஏழையோட விரல். விளக்கேத்த இந்தப் பொண்ணு. ஈயத்துக்கு மேல எட்டி, தினமும் அந்தக் கலசத்துக்கு முகத்தை நீட்டியிருக்கா. சாமின்னு நம்பிக் கும்பிட்டிருக்கா. நான் கொலைகாரங்களைப் பார்த்திருக்கேன். அவங்க எதிர்ல உக்காந்து தண்ணி குடிச்சிருக்கேன். உங்க கடையில ஒரு வாய்த் தண்ணி எனக்கு இறங்காது."

வசந்தி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அங்கம்மாள் போய் அவளை அணைத்துக்கொண்டாள். "வா, நர்சம்மாகிட்ட போகலாம். நம்ம ரத்தமெல்லாம் பாத்துச் சொல்லுவாங்க. பாப்பாவுக்கு நேத்து ராத்திரியே பாத்தாங்க. பொழைச்சுக்கிட்டான்னு சொன்னாங்க" என்றாள்.

சிஜு ஒச்சப்பனையும் முத்துராமலிங்கத்தையும் வண்டியில் ஏற்றினான். ஒச்சப்பன் ஏறும்போது சிஜுவின் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினார். சிஜு விலகிக்கொண்டான். தொட்டால் அழுக்கு ஒட்டிவிடும் என்பதுபோல விலகினான். பிறகு ஏதோ நினைத்தவனாகத் தன் வலது கையையே ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

திரும்பி வரும் வழியில், பாலத்தின்மேல் வண்டி நின்றபோது, "சாரே, அவர் சத்தியத்தை மீறாம இருக்கத்தான் பேசாம இருந்தார். ஞான்..." என்று தொடங்கினான்.

"அதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார் பாண்டியராஜன். கடுமையாகச் சொல்லவில்லை. வெளியே காயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சுடலைமுத்துவின் இரண்டு விரல் நுனிகளை எடுக்க வேண்டியதாயிற்று. கட்டைவிரல் தப்பிவிடும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் பாண்டியராஜன் வந்து, நடந்ததையெல்லாம் சொன்னார். "நீங்க வாயே திறக்கல. சத்தியம் அப்படியே இருக்கு. குழந்தை மேல எந்தக் குறையும் வராது. பயமுறுத்திச் செய்யவெச்ச சத்தியத்துக்குக் கடவுள் புள்ளைகிட்டக் கணக்குக் கேக்கறவர் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு பாப்பா படுக்கையோரம் வந்தபோது சுடலைமுத்து இடது கையை நீட்டி அவள் தலைமேல் வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்த பிற்பகலில் சிஜு வந்தான். பார்வையாளர் நேரம் இல்லை. அடையாள அட்டையைக் காட்டி உள்ளே வந்திருந்தான். அங்கம்மாள் பாப்பாவுக்குச் சோறு வாங்கப் போயிருந்தாள். தனி அறை. மயக்க மருந்தின் உறக்கத்தில் சுடலைமுத்து வாந்தி எடுத்திருந்தார். கழுத்திலும் சட்டையிலும் வழிந்து, படுக்கை விரிப்பிலும் பரவியிருந்தது. ஈக்கள் மொய்த்தன. தாழ்வாரத்தில் கூப்பிட்டுப் பார்த்தான். துப்புரவு ஆள் யாரும் வரவில்லை.

அந்த நாற்றத்தில் சிஜு மூக்கைப் பொத்திக்கொண்டான். வாசல்வரை போனான். அங்கே நின்றான். பிறகு கதவைச் சாத்திவிட்டு, சட்டைக் கைகளை மடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

முதலில் சுடலைமுத்துவின் தலையை ஒருக்களித்து வைத்து வாயைத் துடைத்தான். வாளியில் தண்ணீர் பிடித்து, துண்டை நனைத்துப் பிழிந்து, கன்னத்தையும் கழுத்தையும் துடைத்தான். கன்னத்தில் கை தயங்கியது. அந்த இடத்தை இரண்டாம் தடவையும் துடைத்தான். கட்டுப் போட்ட கை அசையாதபடி, சட்டையைக் கழற்றினான். விரிப்பை உருவினான். அலமாரியில் மடித்து வைத்திருந்த வேறொரு விரிப்பை, ஆளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி விரித்தான். குளியலறையில் உட்கார்ந்து சட்டையையும் அழுக்கு விரிப்பையும் சோப்புப் போட்டுத் துவைத்தான். அவனுக்குத் துவைத்துப் பழக்கமில்லை. கால்சட்டையெல்லாம் நனைந்தது. பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டான்.

சுடலைமுத்து ஒருமுறை முனகினார். "தண்ணி" என்றார். சிஜு ஸ்பூனால் உதட்டை மட்டும் நனைத்தான். அவர் கண் திறக்கவில்லை.

தாழ்வாரத்தின் கோடியில் பாப்பாவின் குரல் கேட்டது. சிஜு துண்டை மடித்துக் கட்டிலின் காலடியில் வைத்தான். மடித்த சட்டைக் கைகளை இறக்கிவிட்டுக்கொண்டு, மறுபக்கத்துப் படிக்கட்டு வழியாக இறங்கிப்போனான்.